குடோனில் ஒரு வெள்ளைக் கோட்டு

கேமரா விற்பவர் துணி வெட்டும் மேசைமேல் நான்கு கேமராக்களை வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தார். "முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார்.

அவர் கேட்ட 'யார்' அத்தனை பேரும் அந்த மேசையைச் சுற்றித்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"பொதுவாத்தான்" என்றேன். 'பொதுவா' நல்ல சொல். எந்தக் குடும்பச் சண்டையிலும் நான் முதலில் அதைத்தான் வீசிப் பார்ப்பேன்.

எங்களுடையது திரைச்சீலைக் கடை. என் மாமனார் தொடங்கியது. போகும்போது மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி என்று விட்டுவிட்டுப் போனார். மகள் என் மனைவி. துணியெல்லாம் அவள் ராஜ்ஜியம். மகன் என் மைத்துனன். வீடு வீடாகப் போய் ஜன்னலுக்கு அளவெடுப்பதும் தைத்த திரையை மாட்டிக் கொடுப்பதும் அவன் வேலை. எனக்குப் பாதியும் கிடையாது, காலும் கிடையாது. திரை தொங்கும் கம்பி, வளையம், கொக்கி இவை என் பிரிவு. துணி வெட்ட ஒரு கட்டிங் மாஸ்டர், தைக்க ஒரு தையல்காரம்மா. இவ்வளவுதான் கடை.

என் மனைவியின் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு வீட்டு சோபாவை ஒருமுறை பார்த்தால் போதும், பல மாதம் கழித்து அதற்குப் பொருந்தும் துணியை உருவிப் போடுவாள். கறுப்பிலேயே நீலம் ஓடும் கறுப்பு, பழுப்பு ஓடும் கறுப்பு என்று பிரித்து வைப்பாள். எனக்கு எல்லாம் தார் ரோடுதான். தெருவே அவளைக் 'கலரக்கா' என்று கூப்பிடும். நிறத்தில் சந்தேகம் என்று வந்துவிட்டால் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர்கூட அவளிடம்தான் வருவார். "எனக்குத் தெரியலை" என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. நிறத்தில் மட்டுமல்ல, எதிலும்.

கடைக்கு அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எல்லோரும் கறுப்புக் கோட்டு போட வேண்டும். முழங்கால்வரை வரும் வழவழப்பான பாலியெஸ்டர் கோட்டு. நாம் உடுத்தும் நிறம் துணிமேல் படிந்து வாடிக்கையாளர் கண்ணை ஏமாற்றிவிடுமாம். மைத்துனன் மட்டும் அடங்கவில்லை. "நான் என்ன துக்க வீட்டுக்கா போறேன்?" என்று அதே அளவில், அதே தையலில் ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்கு 'டாக்டர்' என்று பெயர். "டாக்டர் கிளம்பிட்டாரு, எந்த ஜன்னலுக்கு ஊசியோ" என்று கட்டிங் மாஸ்டர் தினமும் கேட்பார். அவனும் சளைக்காமல், "முதல்ல உங்க நாக்குக்குத்தான் மாஸ்டர்" என்பான்.

இன்னொரு சட்டம், குடோனில் தேவையில்லாமல் விளக்கு எரியக் கூடாது. வெளிச்சம் பட்டால் துணி வெளுக்கும் என்பதற்காக ஜன்னலே வைக்காமல் கட்டிய அறை அது. தலைமுடி முழுதும் மறையும் தூசித் தொப்பியை மாட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டு, ரோலை எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு வர வேண்டும். அவளுக்கு அந்த விளக்கும் வேண்டாம். எந்த ரோல் எங்கே என்று கைக்குத் தெரியும். வாடிக்கையாளர் தயங்கினால் அடுத்த நிமிடம் உள்ளே போய் அந்த ரோலில் ஒரு முழம் வெட்டிக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு வந்து, "வீட்டுக்குக் கொண்டுபோய் உங்க வெளிச்சத்துல தொங்கவிட்டுப் பாருங்க" என்று கொடுத்துவிடுவாள். மற்ற கடைகளில் விரலகல சாம்பிள் தருவார்கள். மடிப்பு எப்படி விழுகிறது என்று தெரிய முழம் வேண்டும் என்பது அவள் கட்சி. அந்த முழத்துக்காகவே எங்களிடம் வருகிறவர்கள் அதிகம்.

இப்படி நிம்மதியாக ஓடிய கடையில்தான் துணி குறைய ஆரம்பித்தது. நல்ல நல்ல ரோலாகப் பார்த்துக் குறைந்தது. ஒரு வீட்டு ஹாலுக்கு மாஸ்டர் வெட்டிக்கொண்டே வர, கடைசித் திரைக்குத் துணி இல்லை. ரோல் வந்த அளவையும் விற்ற அளவையும் வைத்துப் பார்த்தால் இன்னும் இருந்திருக்க வேண்டும். அடுத்து இன்னொரு ரோல். பிறகு இன்னொன்று. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் பயப்பட வேண்டும்.

அன்று முதல் கடையில் ஒருவர் கையை ஒருவர் பார்க்கத் தொடங்கினோம். மாஸ்டரின் சாப்பாட்டுப் பை ஏன் திரும்பும்போது உப்பலாகப் போகிறது என்று நான் யோசித்தேன். நான் ஏன் அடிக்கடி பின்கட்டுக்குப் போகிறேன் என்று மாஸ்டர் யோசித்திருக்கிறார். பிறகு அவரே சொன்னார். தையல்காரம்மா புதுத் தலையணை உறை தைத்ததை யாரோ பார்த்தார்களாம். ஒரு நாள் என் மனைவி என் வண்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே மழைக்கோட்டு இருந்தது. அதையும் உதறிப் பார்த்தாள். "பூச்சி கீச்சி இருக்குதான்னு பார்த்தேன்" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டிய கணவனையே உதறிப் பார்க்கிறவள் மற்றவர்களை விட்டுவைப்பாளா?

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு செய்தியை அவள் காதில் போட்டார். டாக்டர் இரண்டு தெரு தள்ளிக் காலி இடம் ஒன்றை விசாரித்தானாம். தனிக் கடை போடத்தான் என்று அவரே முடிவும் கட்டிவிட்டார். என் மனைவி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "கேமரா வைக்கணும்" என்றாள்.

அப்படி வந்தவர்தான் கேமரா விற்பவர். நல்ல மனிதர், பேச்சுத்தான் அதிகம்.

"கண்ணால காண்பதும் பொய்னு சொல்லுவாங்க. அது நம்ம கண்ணு சார். இந்தக் கண்ணு பொய் சொல்லாது" என்று ஆரம்பித்தார்.

எனக்குச் சும்மா ஒரு காலி டப்பாவை மாட்டினால் போதும் என்று தோன்றியது. சோளக்கொல்லையில் பொம்மைதானே நிற்கிறது, காவல்காரனா நிற்கிறான்? சொன்னேன். "பொம்மைக்குப் பயப்படுறது காக்கா. வீட்டுக்குள்ளேயே இருக்கிற எலி பயப்படாது" என்றாள் மனைவி. எலி என்றபோது யாரையும் பார்க்கவில்லை. அதனால் நாங்கள் எல்லோரும் கூனிக் குறுகினோம்.

"வாசல்ல ஒண்ணு வையேன்க்கா. வர்றவங்க போறவங்க தெரியும்" என்றான் டாக்டர்.

"வாசல்ல எதுக்கு? துணி குடோன்லதானே இருக்குது."

"குடோனுக்கு நம்மைத் தவிர யாரு போறா?"

"அதான்" என்றாள்.

டாக்டர் முகம் சுருங்கியது. அளவு நாடாவைச் சுருட்டிச் சுருட்டி விட்டான். அதற்குப் பிறகு அவன் கேமராக்களைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விற்பவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்று தானே திரும்பும். ஒன்று பேசும். ஒன்று குழாய் போல நீண்டு எதிரே இருப்பவரைக் குறிபார்க்கும். நான்காவது ஒரு கவிழ்த்த கிண்ணம்; கறுப்புக் கண்ணாடிக்குள் கண் இருந்தது. "இது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கீழே நிக்கிறவங்களுக்குத் தெரியாதும்மா" என்றார். என் மனைவியின் கை அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அவள் எதையும் சோதிக்காமல் வாங்கமாட்டாளே. துணித் துண்டுகளைக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொன்னாள். சந்தனம், தந்தம், பால் வெள்ளை, சாம்பல் வெள்ளை. பெண் பார்ப்பது போலப் பார்த்தாள். "இதுல பச்சை கொஞ்சம் தூக்குது, வேண்டாம்." "இது சிவப்பைத் தின்னுடுது." பாவம், விற்பவர் திருடனைக் காட்டும் கேமராவை விற்க வந்தவர், அவரைக் கை தூக்க வைத்துத் துணிக்கடை பொம்மையாக்கிவிட்டாள். கடைசியில் கிண்ணம் மட்டும் தேறியது. தந்தத்தைத் தந்தமாகவே காட்டியதாம்.

"அம்மா, ஒரு விஷயம். விளக்கு இல்லாதப்ப இதுல நிறம் வந்து..." என்று அவர் இழுத்தார்.

"நிறத்தைப் பத்தி என்கிட்டயா?" என்றாள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

குடோன் கூரையில் கிண்ணத்தை மாட்டினார்கள். அறையின் பின்மூலையில், ரோல்களைப் பார்த்தபடி. எடுப்பவரின் முதுகும் கையும் தெரியும், தொப்பி மறைப்பதால் முகமும் ரோல் அடுக்கு மறைப்பதால் காலும் தெரியாது. "துணிதான் முக்கியம், முகம் யாருக்கு வேணும்? நம்ம ஆளை முதுகை வச்சே தெரியாதா?" என்றாள் அவள். படம் அவளுடைய போனுக்கு மட்டும் வரும். எனக்கும் கிடையாது. கேட்டதற்கு, "உங்களுக்குக் கம்பியைப் பார்த்துக்கறதுக்கே நேரம் பத்தலை" என்று பதில் வந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். அவள் போனும் கையுமாகவே இருந்தாள். சாப்பிடும்போதும் அதைத்தான் பார்த்தாள். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்கும், கண்ணில் தண்ணீர் தேங்கும், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லே" என்பாள். ஒருவேளை நான் ஏதாவது எடுத்தேனா என்று நானே யோசித்துப் பார்த்தேன். சந்தேகம் பிடித்த வீட்டில் குற்றமற்றவனுக்கும் தூக்கம் கெடும்.

ஒரு மத்தியானம் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம். டாக்டர் அளவெடுத்துவிட்டு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "இங்கே வாடா" என்று அவனைக் கூப்பிட்டாள். போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் கொக்கிகளைப் பிரித்தபடி எதிரே நின்றேன். எனக்குத் தெரிந்தது போனின் முதுகும் அவன் முகமும்தான்.

முதலில் அவன் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் சுருங்கியது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். அப்படியொரு பார்வையை நான் அவனிடம் பார்த்ததில்லை. அறை வாங்கியவன் அடித்தவனைப் பார்ப்பது போல இருந்தது.

"இதை நீ முழுசாப் பார்த்தியாக்கா?"

"பார்த்தேன். ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"நல்லாப் பார்த்தியா?"

"என் கண்ணைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான். "உன் கண்ணு தப்பாதுன்னு தெரியும்."

"வெள்ளைக் கோட்டு இந்தக் கடையில யாருகிட்ட இருக்குது? சொல்லு. விளக்கைக்கூடப் போடாம, திருடன் மாதிரி, நம்ம அப்பா கடையில... கேட்டிருந்தா கொடுத்திருக்கமாட்டேனா? உனக்குத் தனிக் கடை வேணும்னா வாயால கேட்கக் கூடாதா?" அவள் குரல் உடைந்தது. பொய் அழுகை இல்லை. வளர்த்த தம்பி.

வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, வெட்டு மேசைமேல் வைத்தான். அளவு நாடாவை அதன்மேல் வைத்தான். "கடையை நீயே வச்சுக்கோக்கா. இதுக்கு இவ்வளவு வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கிப் போனான். திருடன் ஓடுவான் என்பார்கள். இவன் நடந்துதான் போனான்.

மறுநாள் அவன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. யாரும் ஊசி போடப் போகாததால் மாஸ்டரும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி, தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குக் காட்ட வேண்டுமென்றோ என்னவோ, முதன்முறையாகப் போனை என்னிடம் கொடுத்தாள். "பாருங்க. நான் அநியாயமாச் சொன்னேன்னு நினைக்காதீங்க."

பார்த்தேன். விளக்கு எரியும், மாஸ்டர் கறுப்புக் கோட்டில் வருவார், ரோலைத் தூக்குவார், விளக்கு அணையும். தையல்காரம்மா வருவாள், போவாள். நான் வருவேன், சுவரில் முதுகைச் சொறிந்துகொண்டு போவேன். எல்லாம் நல்ல நிறத்தில். இடையிடையே விளக்கே எரியாமல், நிறமே இல்லாத சாம்பல் படம். அதில் தொப்பி போட்ட ஓர் உருவம், கழுத்து முதல் முழங்கால்வரை பளீரென்ற வெள்ளைக் கோட்டு. தடுமாற்றமே இல்லாமல் நேராக ஒரு ரோலிடம் போகும். துணியை இழுக்கும், வெட்டும், கோட்டுக்குள் செருகும், போய்விடும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! டாக்டர்தான். சந்தேகமே இல்லை.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "எல்லாரும் இருக்கோம். உன்னை மட்டும் ஒரு தடவைகூடக் காணோமே?"

"நான் எதுக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

நாள் முழுக்கக் குடோனுக்குள் போய் வருகிறவள் அவள். இரண்டு வாரப் படத்தில் அவள் இல்லை. அவள் தேடவில்லை, தன்னைத் தேட அவளுக்கு ஏன் தோன்றப்போகிறது? எங்கள் எல்லோரையும் தேடினாள்.

அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். போன் என் கையிலேயே இருந்தது. எப்போதும் போல விளக்கைப் போடாமல் குடோனுக்குள் போனாள். திரையில் வெள்ளைக் கோட்டு வந்தது. நடுவில் நின்றது. பக்கத்தில் இருந்த ரோலை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டது. துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது இந்த உலகத்தில் என் மனைவி ஒருத்திதான்.

"விளக்கைப் போடு" என்று கத்தினேன்.

விளக்கு எரிந்தது. வெள்ளைக் கோட்டு கறுப்பானது. கறுப்புக் கோட்டில் அவள் மேலே கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "என்னங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் போனைக் காட்டினேன். விளக்கு அணைந்திருந்தபோது இருந்ததைப் பார்த்தாள். எரிந்தபோது இருந்ததைப் பார்த்தாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

விற்பவரைக் கூப்பிட்டேன். "அதைத்தான் சார் அன்னைக்குச் சொல்ல வந்தேன்" என்றார். "இருட்டுல அது தன்னோட வெளிச்சத்தை அடிச்சுப் பார்க்கும். நம்ம கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியாது. அதுல சில கறுப்புத் துணி வெள்ளையாத்தான் தெரியும். அம்மாதான் சொல்ல விடலை."

குறைந்த துணிக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. முழம் முழமாகக் கொடுத்த சாம்பிள்தான். மாதக்கணக்கில், விரும்பிக் கேட்கிற நல்ல ரோல்களிலிருந்து, தாராளமாக. திருடனே இல்லை. திருட்டே நடக்கவில்லை. ஒரு தம்பி மட்டும் போய்விட்டான்.

"கோட்டைக் கழற்றாதீங்க, அப்படியே வாங்க" என்று அவளே கிளம்பினாள். தான் போட்டிருந்ததையும் கழற்றவில்லை. வெயிலில் இரண்டு கறுப்புக் கோட்டுகளாகத் தெருவைக் கடந்து அவன் வாடகை வீட்டுக்குப் போனோம். கதவைத் தட்டியதும் ஜன்னல் திரை அசைந்தது. யார் என்று பார்த்துவிட்டுத்தான் திறந்தான்.

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். இருட்டு, வெளிச்சம், கறுப்பு, வெள்ளை, முழத் துண்டு, எல்லாம். அவன் கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அது நீதான்னு எனக்கு நேத்தே தெரியும்க்கா" என்றான். "காட்டினதும் தெரிஞ்சுது. இடது தோளை இறக்கி நடக்கிறது நம்ம வீட்டுல யாரு? உன் நடை உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லலை?"

"நீயே உன்னை எடுத்து, அதை என் மூஞ்சிக்கு முன்னால நீட்டி, அது நான்தான்னு சொல்றே. என்னத்தைச் சொல்ல? கடை முழுசும் உனக்கு வேணும்னு புரிஞ்சுது. அந்தக் காலி இடம்கூட நம்ம தையல் பகுதிக்குத்தான் பார்த்தேன். கடையில இடம் பத்தலைன்னு நீதானே சொன்னே?"

"அய்யோ, கறுப்பு வெள்ளையாத் தெரிஞ்சுதுடா..."

"யாருக்கு? உனக்கா?" அவன் குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலே தூக்கிக் கடாசுவே. தெருவே உன் கண்ணை நம்புது. நான் பிறந்ததுலேருந்து நம்பறேன். இப்ப மட்டும் நம்பாதேன்னு சொல்றே."

"கடைக்கு வா. விளக்கை அணைச்சுக் காட்டறேன். உன் கண்ணாலயே பாரு."

"பார்த்தேனே. இருட்டுல நீ வெள்ளையா நிக்கிறதைத்தான் ஏற்கெனவே பார்த்துட்டேனே. அது உனக்குத் தெரியாதுங்கறதை எந்தக் கேமரா காட்டும்க்கா?"

என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க நம்பறீங்களா?"

"நான் கண்ணால பார்த்தேன் மச்சான்" என்றேன்.

"அக்காவும் அதையேதான் சொன்னா."

என் 'பொதுவா'வும் உதவவில்லை. என் மனைவி கோட்டின் நுனியைப் பிடித்து, அது கறுப்புத்தான் என்று காட்டுவதுபோல அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதை விட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியலைடா" என்றாள்.

"இதை அவ சொல்லி நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா மாமா?"

"இல்லே" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நானும் கேட்டதில்லே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். அறைந்து சாத்தவில்லை. வெளியே நிற்பவர் விரல் நசுங்கிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சாத்தினான்.

தெருவில் இறங்கினோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பார்க்கிறானா?" என்று கேட்டாள்.

திரும்பினேன். ஜன்னல் திரை விரலகலம் விலகியிருந்தது.

"பார்க்கிறான்."

இடது தோளை நிமிர்த்திக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. அது பாட்டுக்கு இறங்கியது. கொளுத்தும் வெயிலில் கறுப்புக் கோட்டோடு, அவனுக்குத் தெரிந்த அதே நடையில், தெரு முனைவரை நடந்தாள்.